காற்றை மணந்து பாருங்கள்: வன்னியிலிருந்து கடலடிக்கு

வியாழன், மன்னார்

சோளகம் (தென்மேல் பருவக்காற்று) ஓயவில்லை. அரிப்புக் கரையில் கடல் மண் நிறத்தில் புரள்கிறது. இடுப்பளவு தண்ணீரில் நின்றால் சொந்தக் கால் தெரியாது. வன்னிக்குக் கரை இரண்டு. எந்த மாதத்துக்கு எந்தக் கரை என்று தெரியாமல், சிலிண்டர் பூட்டிக் கடலடிக்கு இறங்க டைவிங் கடை தேடுவது வீண் அலைச்சல்.

மே முதல் செப்ரெம்பர் வரை மன்னார்ப் பக்கம் ஆழம் குறைந்த கடலைச் சோளகம் அடியோடு கலக்கும். பார்வைத்தூரம் இரண்டு மீற்றருக்குக் கீழே போனால், தண்ணீருக்குள் கூட்டிப்போகும் மாஸ்ரருக்கே (பயிற்றுநருக்கே) பழகுபவர் தெரியமாட்டார். கார்த்திகை, மார்கழியில் காற்று மாறினாலும் அருவியாறு மழைவெள்ளத்தைக் கொண்டுவந்து கொட்டும். மிஞ்சுவது மாசி, பங்குனி, சித்திரை. சிலாவத்துறை, அரிப்புக் கடலில் அந்தக் காலத்து முத்துக்குளிப்பு நடந்ததும் பெரும்பாலும் அந்த மாதங்களில்தான். கயிறு கட்டிய கல்லில் கால் வைத்து இறங்கியவர்களுக்கும் இதே காற்று, இதே கலங்கல். முத்துக்குளிப்பை மேற்பார்க்க ஆளுநர் பிரெடெரிக் நோர்த் கட்டிய மாளிகையின் இடிபாடு அரிப்புக் கரையில் இன்னும் நிற்கிறது. பார்த்துவிட்டுப் போகலாம்.

கிழக்குக் கரைக்கு இந்தக் கணக்கு தலைகீழ். மே முதல் செப்ரெம்பர் வரை தண்ணீர் தெளிவு. ஒக்ரோபருக்குப் பிறகு வாடை. ஆடி மாதத்தில் மேற்கிலோ மார்கழியில் கிழக்கிலோ ‘கட்டாயம் இறக்குவம்’ என்று சொல்லி முற்பணம் கேட்கும் கடைக்குக் காசு அனுப்ப வேண்டாம்.

வெள்ளி, வவுனியா

நிலாவெளி, உப்புவெளிக் கடைகளுக்கு இன்று தொலைபேசி எடுக்கும் நாள். கடையின் பாதிக் குணம் இதிலேயே தெரிந்துவிடும்.

‘தம்பி, ஞாயிற்றுக்கிழமை வரலாமோ?’ என்று கேட்டவுடன் ‘ஓம் அண்ணை, வாங்கோ, ஆளுக்கு இவ்வளவு’ என்று விலையில் தொடங்குகிற கடை ஒன்று. ‘இதுக்கு முதல் டைவ் பண்ணியிருக்கிறியளோ, நீந்தத் தெரியுமோ, தொய்வு (ஆஸ்துமா), நெஞ்சு வருத்தம், காதுப் பிரச்சினை ஏதும் இருக்கோ?’ என்று திருப்பிக் கேட்கிற கடை இன்னொன்று. இரண்டாவதுக்கே போங்கள். முதற்கடையில் இந்தக் கேள்விகள் வள்ளத்தில் ஏறும்போது வரும், அல்லது வராது.

மருத்துவப் படிவத்தை முன்கூட்டியே அனுப்பச் சொல்லுங்கள். ‘பாடி’, ‘எஸ்.எஸ்.ஐ.’ போன்ற சர்வதேசப் பயிற்சி நிறுவனங்களோடு சேர்ந்த எல்லாக் கடைகளிலும் அது இருக்கும். கேட்டிருப்பதில் பாதகமான ஒன்றுக்கு ‘ஆம்’ என்று எழுதினாலும் வைத்தியரின் கையெழுத்து வேண்டும். அதை வவுனியாவிலேயே வாங்கிவிடுங்கள். ஞாயிறு காலை நிலாவெளியில் வைத்தியரைத் தேடித் திரிந்தால் வள்ளம் போய்விடும். கையெழுத்துக்கு அலுத்துத் தொய்வை மறைப்பவர்கள் உண்டு. பத்து மீற்றர் ஆழத்தில் சுவாசப்பைக்குள் இருக்கும் காற்று, மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும். சுருங்கிய சுவாசக் குழாயின் பின்னால் அது சிறைப்பட்டால் சுவாசப்பை கிழியும். ‘இப்ப ஒரு வருசமா வரேல்லை’ என்பதை வைத்தியருக்குச் சொல்லுங்கள், கடைக்காரருக்கு வேண்டாம்.

அடுத்து விலை. ‘எல்லாம் சேர்த்துத்தான்’ என்ற பதிலோடு நிறுத்தாதீர்கள். வள்ளம், உடுப்பு, புறாமலை நுழைவுச்சீட்டு, படம் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். நிலாவெளிக்கு நேரே கடலுக்குள் இருக்கும் புறாமலை 2003இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது. சீட்டு வனஜீவராசிகள் திணைக்களத்தினுடையது, கடைக்குக் குறைக்க முடியாது. உள்ளூரவருக்கு ஒரு விலை, வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்கு வேறு விலை. அடையாள அட்டையை மறக்க வேண்டாம். கனடாவிலிருந்து வந்த சித்தப்பா குடும்பத்தையும் கூட்டிப்போவதென்றால் அந்த வித்தியாசத்தை இன்றே கணக்குப் பார்த்துவிடுங்கள். வாசலில் நின்று முகம் சுளிப்பதில் பயனில்லை. கடல் குழம்பினால் காசு திரும்பி வருமா, நாள் மாற்றித் தருவார்களா என்பதைக் குறுஞ்செய்தியில் எழுதி வாங்குங்கள்.

எதை வாங்குகிறோம் என்பதிலும் குழப்பம் உண்டு. ஒரு நாள் அறிமுக டைவ் என்றால் மாஸ்ரரின் கண்காணிப்பில், 12 மீற்றருக்கு மேற்படாமல். அதற்குக் கிடைக்கும் தாளைக் கொண்டு வேறிடத்தில் தனியாக இறங்க முடியாது. ஆரம்பநிலைப் பயிற்சி மூன்று நான்கு நாள் எடுக்கும், பத்து வயதுக்கு மேல், பெரியவருக்கு 18 மீற்றர் வரை. ஒரே நாளில் ‘லைசென்ஸ்’ தருகிறோம் என்பவர்களிடமிருந்து தூரப் போய்விடுங்கள். ஒரு மாஸ்ரருக்கு எத்தனை பேர் என்றும் கேளுங்கள். அறிமுக டைவுக்கு உச்சம் நான்கு. நீந்தத் தயங்குபவர் இருந்தால் இரண்டு. ஆறு பேரை ஒன்றாக இறக்கும் இடத்தில் ஐந்தாவது ஆளை எவரும் பார்ப்பதில்லை.

சனி, முல்லைத்தீவு

இங்கே நிலாவெளி போல டைவிங் கடைத்தெரு கிடையாது. சிலிண்டர் உண்டு. கடலட்டை, சங்கு எடுக்கும் குளியாளிகள் கடலில் கொண்டுபோகும் சிலிண்டர். உல்லாசத்துக்கு டைவ் பண்ணப் போகிறவரும் அவர்களுடைய தொழிலைப் பார்த்துப் படிக்க நிறைய இருக்கிறது. முக்கியமாக, எது பிழையாகப் போகும் என்று.

முதலில் ஒரு மரியாதை. சிலிண்டரோடு கரையில் நிற்கிற வெளியாளை ஊர் சும்மா பார்க்காது. வெளிமாவட்டக் குளியாளிகள் வந்து அட்டை அள்ளுவது பற்றிய சச்சரவு இந்தக் கரையில் பழையது. சொந்தச் சாமானோடு வந்தவர் முதலில் அந்தந்தக் கிராமத்துக் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தில் போய்க் கதைக்க வேண்டும். அட்டை பிடிக்க அனுமதிப்பத்திரம் தேவை. ஆசைக்கு ஒன்றை எடுத்துப் பையில் போடுவதும் குற்றம்தான். இன்னொன்றும் உண்டு. யுத்தம் நடந்த கரை இது. கடலடியில் அடையாளம் தெரியாத இரும்பு எதையும் தொடவோ புரட்டவோ கூடாது. இடத்தை நினைவில் வைத்து, கரைக்கு வந்து பொலிசுக்கோ கடற்படைக்கோ சொல்லுங்கள்.

இனிச் சிலிண்டர். கழுத்துக்குக் கீழே தோளில் குத்தியிருக்கும் எழுத்துகளைப் பாருங்கள். வேலை அழுத்தம், சோதனை அழுத்தம், கடைசியாகச் சோதித்த மாதமும் வருடமும் அங்கே இருக்கும். நீரழுத்தச் சோதனை 5 வருடத்துக்கு ஒருமுறை, உள்ளே விளக்கடித்துப் பார்ப்பது வருடத்துக்கு ஒருமுறை என்பது பரவலான வழக்கம். திகதி மேல் பெயின்ற் அடித்து மறைத்திருந்தால் அதை எடுக்காதீர்கள். வெறுமையாகக் கடலில் விட்ட சிலிண்டருக்குள் உப்புத்தண்ணீர் போகும். இரும்பென்றால் உள்ளே துரு. துரு ஒக்சிசனையும் தின்னும். நீண்டகாலம் மூடிக்கிடந்த துருச் சிலிண்டரில் நிறையக் காற்று இருந்தும் மூச்சுக்கு உதவாமல் போவது அதனால்.

காற்று அடிக்கும் இடம் அதைவிட முக்கியம். கொம்பிரசர் ஓடும்போது பின்பக்கம் போய்ப் பாருங்கள். விடாத கடைக்காரர் என்றால் அதுவே பதில். காற்றை உள்ளிழுக்கும் குழாயின் வாய் எங்கே, என்ஜின் புகை போகும் திசை எது என்று காற்றோடு சேர்த்துப் பாருங்கள். சோளகம் புகையை அந்த வாய்ப்பக்கம் தள்ளினால் சிலிண்டருக்குள் காபனோரொட்சைட்டு ஏறும். அதற்கு மணமும் இல்லை, ருசியும் இல்லை. கரையில் மூச்சு விட்டால் இலேசான தலைவலி. பத்துப் பதினைந்து மீற்றரில் அழுத்தம் கூடும்போது அதே காற்றால் மயக்கம். வள்ளத்தின் வெளியிணைப்பு இயந்திரத்துக்குப் பக்கத்தில் சின்னக் கொம்பிரசரை வைத்து நிரப்புவது அதனால்தான் ஆபத்து.

எண்ணெய் மணமென்றால் மூக்குக்குத் தெரியும். வால்வைக் கொஞ்சம் திறந்து மணந்து பாருங்கள். நல்ல காற்றுக்கு எந்த மணமும் இருக்காது. எண்ணெயோ சூடான ரப்பரோ மணந்தால் வடிகட்டி செத்துவிட்டது. வடிகட்டிக்கு ஆயுள் மணித்தியாலக் கணக்கு. நம்முடைய ஈரவெக்கையில் புத்தகத்தில் போட்டிருப்பதைவிட வேகமாக முடியும். ஒழுங்கான இடத்தில் மாற்றிய திகதியும் ஓடிய மணியும் எழுதிய பலகையோ கொப்பியோ இருக்கும். ஓடும்போது 10, 15 நிமிடத்துக்கு ஒருமுறை ‘புஸ்’ என்று தண்ணீர் திறந்துவிடுவார்கள். அரை மணித்தியாலம் நின்றும் அந்தச் சத்தம் கேட்காவிட்டால் அந்தத் தண்ணீர் வடிகட்டிக்குள்ளேதான் போகிறது.

கணக்கும் பார்க்கலாம். நிமிடத்துக்கு 100 லீற்றர் தரும் சின்னக் கொம்பிரசர், 11 லீற்றர்ச் சிலிண்டரை 50 பாரிலிருந்து (பார் என்பது அழுத்த அளவு) 200 பாருக்கு ஏற்ற ஏறக்குறைய 17 நிமிடம் வேண்டும். பத்துச் சிலிண்டருக்கு மூன்று மணித்தியாலம் வரும். அதே யந்திரத்தில் ஒரு மணித்தியாலத்தில் பத்தும் நிரம்பியது என்றால் எல்லாமே அரைகுறை. வேகமாக அடித்துச் சூடேறிய சிலிண்டர் வெயிலில் 200 காட்டும், ஆறியதும் 180, 185க்கு இறங்கும். ஆறின பிறகே அளவு பார்க்க வேண்டும்.

குளியாளிகளுக்குக் கால் இழுப்பதும், சிறுநீர் அடைப்பதும், சிலர் எழும்பாமலே போவதும் இந்தக் கரைகளில் தெரிந்த கதை. காரணமும் தெரிந்ததே. 20, 30 மீற்றரில் ஒன்றன்பின் ஒன்றாகச் சிலிண்டர், இடையில் போதிய ஓய்வு இல்லை, ஆழமானி இல்லை, நிறைந்த பையோடு மேலே ஓடி வருவது. அழுத்தத்தில் உடம்பில் கரைந்த நைதரசன் மெதுவாக வெளியேற நேரம் கிடைக்காமல் குமிழாக மாறி முள்ளந்தண்டைத் தாக்குகிறது. அவர்களுக்கு இது வயிற்றுப்பாடு, அறிவுரை சொல்வது சுலபம். பொழுதுபோக்குக்கு இறங்குகிறவர் அதே அவசரத்தைக் காட்டத்தான் காரணமே இல்லை.

ஞாயிறு, நிலாவெளி

மாங்குளம், வவுனியா, ஹொரவப்பொத்தானை வழியாக நீண்ட ஓட்டம். வழியில் எழுத ஒன்றும் இல்லை.

கடைச் சுவரில் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் பதிவும் மாஸ்ரரின் அட்டையும் இருக்கிறதா என்று பாருங்கள். அட்டையில் இருக்கும் முகமும் உங்களோடு இறங்கப்போகும் முகமும் ஒன்றா என்பதையும். சான்றிதழ் ஒருவருடையது, தண்ணீருக்குள் கூட்டிப்போவது சீசனுக்கு வந்த பெடியன் என்ற முறைப்பாடு அடிக்கடி கேட்கிறது.

சாமானை அவர்களே பூட்டித் தருவார்கள். தரட்டும், பார்த்துக்கொண்டு நில்லுங்கள். ரெகுலேற்றரை (மூச்சுக் கருவியை) பூட்ட முன் வால்வின் வாயில் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் இருக்கிறதா? வெடித்து நார்நாராக இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். சில்லறைச் சாமான், ஒரு நிமிட வேலை. பூட்டிய பிறகு, வால்வைத் திறக்க முன்னரே வாயில் வைத்து உறிஞ்சிப் பாருங்கள். காற்று வரக்கூடாது. வந்தால் வாய்ரப்பரோ உள்ளே இருக்கும் சவ்வோ கிழிந்திருக்கிறது, கடலில் அதனூடாகத் தண்ணீர் வரும். பிறகு அழுத்தமானியின் கண்ணாடி ஒருவரையும் பார்க்காதபடி திருப்பி, வால்வை மெதுவாகத் திறக்க வேண்டும். ஊசி 200க்குப் பக்கத்தில் நின்றதும் அதைப் பார்த்தபடி ஐந்தாறு மூச்சு நன்றாக இழுங்கள். ஊசி ஆடாமல் நின்றால் சரி. ஒவ்வொரு இழுப்புக்கும் விழுந்து எழும்பினால் வால்வு அரைகுறையாகத் திறந்திருக்கிறது. மேலே இலேசாக வரும் காற்று, ஆழத்தில் வராது. உதிரி வாய்ப்பகுதியையும் இதே மாதிரிச் சோதியுங்கள். அவசரத்துக்கு இன்னொருவர் வாயில் போவது அதுதான்.

மிதவைச் சட்டையை நிறைய ஊதி ஐந்து நிமிடம் வையுங்கள். தொய்ந்தால் ஒழுக்கு. ஊதும் பொத்தானை அழுத்தி விட்டவுடன் காற்று நிற்க வேண்டும். கழுவாமல் விட்ட பொத்தானில் உப்பு படிந்து இறுகினால் அது தானாகவே ஊதிக்கொண்டிருக்கும், ஆள் அம்பாக மேலே போவார். வாடகைச் சாமான்களில் நாங்கள் அதிகம் பயப்படுவது இந்தப் பிழைக்குத்தான். கடைக்குப் பின்னால் இருக்கும் நன்னீர்த் தொட்டியில் தண்ணீர் எந்த நிறத்தில் இருக்கிறது என்று ஒருக்கால் எட்டிப் பார்த்தால் பொத்தானின் நிலைமை விளங்கும்.

முகமூடியை வார் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் உறிஞ்சுங்கள். கையை விட்டாலும் விழாமல் நின்றால் அளவு சரி. மீசைக்காரருக்கு மூக்குக்குக் கீழே தண்ணீர் கசியும். மூக்கை ஒட்டி ஒரு கோடு வழித்தால் போதும், மீசை தப்பும். தேங்காயெண்ணெய் வைத்த தலையோடு வந்தால் ரப்பர் வழுக்கும், காலையில் முழுகிவிட்டு வாருங்கள். கண்ணாடி போடுபவர்கள் பவர் உள்ள முகமூடி இருக்கிறதா என்று முன்னரே கேட்க வேண்டும். தாலிக்கொடி, சங்கிலி, மோதிரம் எல்லாம் அறையில். உடுப்புக்குள்ளே இறுக்கமான நீளக் காற்சட்டையும் கைநீட்டு ரீசேட்டும் போட்டால் பெண்களுக்கும் வசதி, வாடகை உடுப்பின் உரசலும் குறையும். உடை மாற்ற மூடிய அறை இருக்கிறதா என்பதையும் அக்காமார் தொலைபேசியிலேயே கேட்டுவிடுவது நல்லது. சில இடங்களில் வானின் பின்கதவுதான் அறை.

வள்ளத்தில் ஒக்சிசன் பெட்டி இருக்கிறதா என்று கேட்பதோடு விடாமல் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஊசி பூச்சியத்தில் நிற்கும் பெட்டி அலங்காரச் சாமான். நீங்கள் கீழே இருக்கும் நேரம் முழுக்க ஓட்டி வள்ளத்தில் இருப்பாரா என்பது அடுத்த கேள்வி.

திங்கள், புறாமலை

காலையில் காற்று விழுந்திருக்கும்போதே இறங்குவது நல்லது. சோற்றுச் சாப்பாட்டுக்கும் கடலுக்கும் இரண்டு மணித்தியால இடைவெளி விடுங்கள். முதல்நாள் இரவு குடித்தவரைக் கரையில் விடுங்கள்.

தண்ணீருக்குள் நம்மவர்கள் செய்யும் பெரிய பிழை கட்டைவிரல். மீனைக் கண்ட சந்தோசத்தில் கட்டைவிரலை உயர்த்துவார்கள். கீழே அதற்கு அர்த்தம் ‘மேலே போவோம்’. மாஸ்ரர் உடனே மேலே கொண்டுவந்துவிடுவார், டைவ் முடிந்தது. எல்லாம் நலம் என்பதற்குக் கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்த்த வட்டம். காதைக் காட்டிக் கையை ஆட்டினால் காது நோ. இந்த விளக்கம் உங்களுக்கு நன்கு விளங்கும் மொழியில் நடக்க வேண்டும். ஆங்கிலத்தில் வேகமாகச் சொல்லி முடித்தால் ‘தம்பி, தமிழிலை ஒருக்கால் சொல்லுங்கோ’ என்று கேட்க வெட்கப்படாதீர்கள். விளங்காமல் தலையாட்டுவதுதான் ஆபத்து.

இறங்குவது கால் கீழாக, நங்கூரக் கயிற்றைப் பிடித்து. காதடைக்காமல் இருக்க மேல்மட்டத்திலேயே மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதத் தொடங்குங்கள், பிறகு ஒவ்வொரு அரை மீற்றருக்கும். அழுத்தத்தின் பெரிய மாற்றம் முதல் பத்து மீற்றரில்தான்: மேலே ஒரு மடங்கு, பத்தில் இரண்டு மடங்கு. நோ தொடங்கிய பிறகு ஊதினால் காதுக்குழாய் திறக்காது. ஒரு மீற்றர் மேலேறி மீண்டும் முயலுங்கள். தடிமன் இருந்தால் அன்று இறங்கவே வேண்டாம், மருந்து போட்டுக்கொண்டும் வேண்டாம். இடையில் மருந்து விட்டுப்போனால் மேலே வரும்போது காதடைக்கும்.

‘முக்கால் மணித்தியாலம் எண்டு சொல்லி அரை மணித்தியாலத்திலை ஏத்திப்போட்டாங்கள்’ என்ற குறையைப் பலர் சொல்கிறார்கள். எல்லா நேரமும் கடையின் களவு அல்ல. 11.1 லீற்றர்ச் சிலிண்டரில் 50 பாரை இருப்பாக விட்டால் பாவிக்க 150 பார், அதாவது சுமார் 1,665 லீற்றர். அமைதியாக மூச்சுவிடுபவருக்கு மேலே நிமிடத்துக்கு 20 லீற்றர், பத்து மீற்றரில் 40. எனவே 41 நிமிடம். பதற்றத்தில் 30 லீற்றர் இழுப்பவருக்கு 27 நிமிடம்தான். தொடக்கத்தில் ஊசி எங்கே நின்றது, மேலே வரும்போது எங்கே என்று நீங்களே பார்த்தால் வாக்குவாதம் தேவைப்படாது. 200இல் தொடங்கி 110இல் ஏற்றினார்கள், காரணமும் சொல்லவில்லை என்றால் அது களவு. இறங்கும்போதே 150 காட்டினால் இறங்காமல் வேறு சிலிண்டர் கேளுங்கள்.

தாழ்வதற்கு இடுப்பில் கட்டும் ஈயம் பற்றி ஒரு சொல். அவசரத்தில் கூடுதலாகக் கட்டிவிடுவது கடைக்கு வசதி, ஆள் உடனே தாழ்வார். ஆனால் பிறகு முழங்கால் முருகைக்கல்லில் உரசும், அதை ஈடுசெய்யச் சட்டையை ஊதி ஊதியே காற்று முடியும். 3 மில்லிமீற்றர் உடுப்போடு 70 கிலோ ஆளுக்கு நான்கு முதல் ஆறு கிலோ போதுமாயிருக்கும். சட்டையை வெறுமையாக்கி, மூச்சைப் பிடித்தால் கண்மட்டத்தில் மிதக்க வேண்டும். அலுமினியச் சிலிண்டர் காற்று முடிய முடிய ஏறத்தாழ இரண்டு கிலோ இலேசாகும், அதையும் கணக்கில் எடுங்கள்.

புறாமலையில் கறுப்புத்துடுப்புச் சுறா கண்டால் அசையாமல் பாருங்கள், அது உங்களைவிடப் பயந்தது. கல்லில் ஏறி நின்று படம் எடுக்க விடும் மாஸ்ரர் நல்ல மாஸ்ரர் அல்ல. ஏறும்போது நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மிகாமல், மூச்சைப் பிடிக்காமல். 5 மீற்றரில் மூன்று நிமிடம் நிற்பது நல்ல பழக்கம். படமெடுப்பதிலேயே குறியாக இருக்கும் கடைகள் இந்த மூன்று நிமிடத்தைத்தான் முதலில் வெட்டும்.

செவ்வாய், வவுனியாவுக்குத் திரும்பும் வழி

வீடு வன்னியில் என்றால் பாதை முழுக்கத் தாழ்நிலம், பிரச்சினை இல்லை. டைவ் முடித்த கையோடு நுவரெலியாவுக்கு வான் பிடிப்பவர்கள் யோசிக்க வேண்டும். அது 1,868 மீற்றர் உயரம். உடம்பில் மிஞ்சிய நைதரசனுக்கு அது விமானம் ஏறுவது போன்றதுதான். விமானத்துக்கு ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணித்தியாலம், பல டைவ் என்றால் 18 விட வேண்டும். சித்தப்பாவின் கட்டுநாயக்கப் பயணத் திகதியை அதற்கேற்பப் பாருங்கள்.

அந்த நைதரசன் குமிழால் வரும் கடலடி நோய் பெரும்பாலும் சில மணித்தியாலத்தில், ஏறக்குறைய எல்லாமே ஒரு நாளுக்குள் தலைகாட்டும். தோள்மூட்டு, முழங்கை நோ, தோலில் புள்ளிப்புள்ளியாகச் சிவப்பு, காலில் விறைப்பு, நடை தள்ளாட்டம், சிறுநீர் போகாமை. கிளிநொச்சி வீட்டுக்கு வந்த பிறகு தொடங்கினால் ‘சிலிண்டர் தூக்கின பிடிப்பு’ என்று எண்ணெய் தேய்த்துப் படுத்துவிடுவார்கள். படுக்க வேண்டாம். குளியாளிகள் சிலர் செய்வது போலத் திரும்பவும் தண்ணீருக்குள் இறக்கவும் வேண்டாம். 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள், கிடைத்தால் தூய ஒக்சிசன் கொடுங்கள், டைவ் நடத்திய கடைக்கும் சொல்லுங்கள். அழுத்த அறைச் சிகிச்சைக்குத் திருகோணமலைக் கடற்படைப் பக்கம் யாரை, எந்த இலக்கத்தில் தொடர்புகொள்வது என்பதை ஞாயிறு அன்றே அந்தக் கடையில் கேட்டு எழுதியிருக்க வேண்டும். பதில் தெரியாத கடையில் இறங்கியிருக்கவே கூடாது.

ஒரு துண்டுக் கடதாசியில் எத்தனை டைவ், எவ்வளவு ஆழம், எத்தனை நிமிடம், கடைசியாக மேலே வந்த நேரம், நோ தொடங்கிய நேரம் என்று எழுதி ஆஸ்பத்திரி வாசலிலேயே காட்டுங்கள். கைநோ என்று மட்டும் சொன்னால் வெளிநோயாளர் வரிசையில்தான் நிற்கவிடுவார்கள்.